இயந்திர மனிதனுக்கு எந்த வேலை?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

     

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு அறிவியல் பற்றியும் ஓர் உரை இடம்பெறட்டும் என்று குழுவினர் கருதினர். அதனை ரயில்வே எழுத்தன் ஒருவனிடம் ஒப்படைத்தும் விட்டனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவன் யான். பொறியியற் பட்டம் பெற்று, இந்நகரின் பெரிய தொழிற்கூடங்களில் பணிபுரிவோர் இவ்வவையில் பலர் இருக்கின்றனர். மின்சுற்றுகளைப் பற்றி அவர்களுக்கு எடுத்துரைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இயந்திரத்துக்கு அருகில் அமர்ந்து, அஃது எந்நாளில் என் நாற்காலியைக் கேட்குமோ என்று எண்ணிக்கொண்டே பல ஆண்டுகள் பணி செய்தவன் என்ற ஒரு தகுதி எனக்கு உண்டு. அந்த உரிமையோடு பேசுகின்றேன்.

இயந்திர மனிதன் என்றவுடன் நம்மவர்க்கு 2010-இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படமே முதலில் நினைவுக்கு வரும். அதில் பொறி மனிதனாகத் தோன்றிய நடிகர், ஒரு காலத்தில் இதே பெங்களூர் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து சீட்டுக் கிழித்தவர். சீட்டுக் கொடுத்துப் பிழைக்கும் எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. எனினும் இக்கற்பனை தமிழர்க்குத் திரையரங்கில் தொடங்கியதன்று. கொல்லி மலையின் பாவையைச் சங்கப் புலவர்கள் பாடினர். மதுரை மதிலின் மேல் பகைவரைத் தாக்கும் பொறிகள் பல நின்றதையும், அவற்றுள் கருங்குரங்கின் வடிவிற் செய்த பொறியும் ஒன்று என்பதையும் இளங்கோவடிகள் அடைக்கலக் காதையில் சொல்கிறார். சீவக சிந்தாமணியில் அரசி விசயை மயிற்பொறியில் ஏறி வானில் செல்கிறாள். பெருங்கதையிலோ எந்திர யானை வருகிறது. யானை என்றால் உயிரையும் விட்டுவிடும் உதயணனை அந்தப் பொய் யானையைக் காட்டித்தான் பகைவர் சிறைப்பிடித்தனர். அந்த யானையின் வயிற்றுக்குள் இருந்தவர் யார்? படைவீரர். வெளியே பொறி, உள்ளே மனிதர். இதனை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகின்றேன், பின்னர்ப் பயன்படும்.

'ரோபோ' என்னும் சொல்லின் பிறப்பும் அறியத் தக்கது. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' என்ற நாடகத்தில்தான் அச்சொல் முதன்முதல் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனார் யோசெப். அவர்கள் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. ஆண்டைக்குக் கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய வேலை. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றொரு சொல் வருகிறதே, அதுதான் இது. ஆக, ரோபோ என்பதற்கு நேரான தமிழ் 'வெட்டி ஆள்' என்றே யான் கொள்வேன். கலைச்சொல் அறிஞர்கள் இதனை ஏற்கமாட்டார்கள், போகட்டும்.

இக்கலையில் உலகிற்கு வழிகாட்டிய நாடு ஜப்பான். அங்கே இயந்திர மனிதன் பொம்மையாகப் பிறந்தான். தஞ்சையில் நாயக்கரும் மராத்தியரும் ஆண்ட காலத்தில் அந்நாட்டில் 'கரகுரி' என்னும் பொறிப் பொம்மைகள் செய்யப்பட்டன. அவற்றுள் தேநீர் ஏந்தும் பொம்மை புகழ் வாய்ந்தது. அதன் கையிலுள்ள தட்டில் கிண்ணத்தை வைத்தவுடன் அது விருந்தினரை நோக்கி நகர்ந்து செல்லும். அவர் கிண்ணத்தை எடுத்தவுடன் நின்றுவிடும். குடித்து முடித்து வெறுங்கிண்ணத்தை வைத்தாரானால், திரும்பி வந்த வழியே வீடு சேரும். மரத்தாற் செய்த பற்சக்கரங்கள், திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த நாரினால் ஆன சுருள்வில், இவ்வளவுதான் அதன் உள்ளுறுப்பு. ஹொசொகவா ஹன்சோ என்பவர் 1796-இல் வெளியிட்ட நூலில் அதன் செய்முறை படத்துடன் உள்ளது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டி தலையை மட்டுமே ஆட்டும். அதுவும் நாம் தட்டினால்! அழகில் நம் பொம்மை குறைந்ததன்று. ஆனால் அவர்களுடைய பொம்மை வேலை செய்தது.

1928-இல் நிசிமுரா மக்கோட்டோ என்ற உயிரியல் அறிஞர், காற்றழுத்தத்தால் முகம் அசைத்து, எழுதுகோல் பிடித்த கையை நகர்த்தும் ஒரு பேருருவைச் செய்து கியோட்டோ கண்காட்சியில் வைத்தார். 'இயற்கையின் விதியிலிருந்து கற்றல்' என்ற பொருளில் 'காக்குட்டென்சோக்கு' என்று அதற்குப் பெயரிட்டார். 1973-இல் வசேதா பல்கலைக்கழகத்தில் கட்டோ இச்சிரோ குழுவினர் செய்த 'வபோட்-1' இரு கால்களால் நடந்தது. பின்னர் ஹோண்டா நிறுவனம் 1986-இல் நடக்கும் கால்களை மட்டும் செய்து பார்க்கத் தொடங்கியது. முதற்பொறி ஓரடி எடுத்து வைக்க 5 விநாடி ஆயிற்று. விடாமல் முயன்று 2000-ஆம் ஆண்டில் 'அசிமோ' என்னும் 120 சென்டிமீட்டர் உயரப் பொறிச் சிறுவனை உலகிற்குக் காட்டினர். அவன் படி ஏறினான், கை குலுக்கினான், 2008-இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் ஓர் இசைக்குழுவையே கோலசைத்து நடத்தினான். நம் வீட்டுக் குழந்தை ஓரடி எடுத்து வைக்கும்போது நாம் எவ்வளவு பெரிய செயலைக் காண்கிறோம் என்பதை இத்தனை பொறியாளர்களின் உழைப்பைப் பார்த்தபின்தான் உணர முடிகிறது. உடல் சாயும்போதே அடுத்த கால் எங்கே ஊன்ற வேண்டும் என்று கணக்கிட வேண்டும்; தரை சற்றுச் சரிந்திருந்தால் அக்கணக்கை அந்நொடியே மாற்ற வேண்டும். குழந்தை இதனைக் கணக்கின்றியே செய்கிறது.

இவ்வளவு புகழ் பெற்ற நாட்டுக்கு 2011 மார்ச் 11-இல் பெருஞ்சோதனை வந்தது. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியதில் ஃபுக்குசிமா அணுமின் நிலையத்தின் உலைகள் குலைந்தன. உள்ளே கதிர்வீச்சு; மனிதன் நெடுநேரம் நிற்க இயலாத இடம். இயந்திர மனிதன் செல்ல வேண்டிய இடம் உலகில் ஒன்று உண்டென்றால் அஃதே அன்றோ? அசிமோவால் அங்கே செல்ல முடியவில்லை. இடிபாடுகளின் மேல் நடப்பதற்கு அவன் படைக்கப்படவில்லை. ஏப்ரல் மாதத்தில் முதலில் உள்ளே சென்றவை அமெரிக்காவிலிருந்து வந்த, சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து செல்லும் 'பேக்பாட்' என்னும் பொறிகள். கண்டால் யாரும் கை குலுக்க விரும்பாத உருவம் அவற்றிற்கு. ஜப்பானியரின் 'குவின்ஸ்' என்னும் ஊர்பொறி சூன் மாதத்தில்தான் இறங்கியது. அந்நாட்டார் இதனை மறைக்கவில்லை. பேரிடர்ப் பொறிகளின் பக்கம் கவனத்தைத் திருப்பினர். அசிமோ 2022-இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றான்.

அவையோர் சற்றுச் சிரிப்பதற்கும் ஒரு செய்தி சொல்கிறேன். நாகசாக்கி மாநிலத்தில் 2015-இல் ஒரு விடுதி திறந்தனர். வரவேற்பு, பெட்டி தூக்குதல் எல்லாம் இயந்திரங்களே. அறைதோறும் ஒரு சிறு பேசும் பொம்மை. விருந்தினர் உறக்கத்தில் குறட்டை விட்டால், அது தன்னை எதோ கேட்பதாக எண்ணி, "மன்னிக்கவும், தாங்கள் கூறியது விளங்கவில்லை" என்ற பாங்கில் பேசி அவரை எழுப்பிவிடுமாம்! 2019-க்குள் அங்கிருந்த 243 இயந்திரங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றிற்கு விடை கொடுத்துவிட்டனர். வேலை குறையும் என்று வைத்தவை, மனிதர்க்கு வேலையைக் கூட்டிவிட்டன.

ஆயினும் ஜப்பானியர் இம்முயற்சியை விடாமைக்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் 100 பேரில் 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். முதியோரைத் தூக்கி அமர்த்தவும், உடன் இருந்து பேசவும் ஆள் இல்லை. மறதி நோயுற்ற முதியோர் மடியில் வைத்துத் தடவிக்கொள்ள, கடல்நாய்க் குட்டியின் உருவில் 'பாரோ' என்ற பொறியைச் செய்திருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் இடத்தில் ஒரு பொறி என்று கேட்கும்போது நெஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. தனிமையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று சொல்வாரும் உண்டு. யான் இதில் தீர்ப்புக் கூற மாட்டேன். ஊரில் தாயாரைத் தனியே விட்டு வந்து இங்கே பணி செய்வோர் நம்முள் எத்தனை பேர்!

அந்நாட்டின் இரண்டு முயற்சிகள் என் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒன்று, தோக்கியோவில் 2021-இல் நிலையாகத் திறந்த ஒரு சிற்றுண்டிச்சாலை. அங்கே பரிமாறும் 'ஒரிஹிமே' என்னும் பொறிகள் தாமாக இயங்குவன அல்ல. நோயால் படுக்கையை விட்டு எழ இயலாதவர்கள், தம் வீட்டில் படுத்தபடியே அவற்றை இயக்கி, அவற்றின் வாயிலாக வாடிக்கையாளருடன் உரையாடுகிறார்கள்; ஊதியமும் பெறுகிறார்கள். பெருங்கதை யானையைப் போலவே இங்கும் பொறிக்குள் மனிதர் இருக்கிறார். ஆனால் பிறரைச் சிறைப்பிடிக்க அன்று. தாம் சிறையிலிருந்து விடுபட.

மற்றொன்று எங்கள் தொழிலைச் சார்ந்தது. மேற்கு ஜப்பான் ரயில்வே 2024 சூலையில் ஒரு மாபெரும் பொறியைப் பணியில் அமர்த்தியது. தண்டவாளத்தில் ஓடும் வண்டியின் மேல், தூக்கும் கைகளின் நுனியில், தலையும் இரு கரங்களும் கொண்ட ஓர் உருவம். 12 மீட்டர் உயரம் வரை எட்டும். 40 கிலோ எடை தூக்கும். மின்கம்பிக்கு மேல் வளர்ந்த கிளையை வெட்டும். இரும்புத் தூணுக்கு வண்ணம் பூசும். அதனை இயக்குபவர் கீழே அறையில் அமர்ந்து, கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு தம் கையை அசைக்கிறார். மேலே அந்தக் கை அசைகிறது. 25,000 வோல்ட்டு மின்கம்பியின் கீழும், வண்டிகள் பறக்கும் பாதையின் மேலும் வேலை செய்யும் தோழர்களை அறிந்தவன் ஆதலால், இச்செய்தியைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. சுத்தியலைத் தோளில் தாங்கி நாள்தோறும் கிலோமீட்டர்க் கணக்கில் பாதையை நடந்தே பார்க்கும் 'கீமேன்' ஒருவருக்குப் பின்னால் வரும் வண்டியை உணர்த்தும் ஒரு சிறு கருவி கிடைத்தாலும், கை குலுக்கும் நூறு பொம்மைகளைவிட அதனையே யான் போற்றுவேன்.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். இந்நகரோடு தொடர்புடைய இயந்திர மனிதர் இருவரைச் சொல்ல வேண்டும். வியப்பு என்னவெனில், இருவர் பெயரிலும் 'மித்ரா' என்ற சொல் இருக்கிறது. தோழமை என்பது பொருள்.

முன்னவன் 'மித்ரா'. இந்நகரின் இன்வென்டோ நிறுவனம் ஆக்கியது. 2017 நவம்பரில் ஐதராபாத்தில் நடந்த உலகத் தொழில் முனைவோர் மாநாட்டில் பிரதமரையும் அமெரிக்க விருந்தினரையும் வரவேற்றுப் புகழ் பெற்றான். மணவிழாவில் பன்னீர் தெளிக்கும் பொம்மைக்கும் அவனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே அன்று நினைத்தேன். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது அவனுக்கு உண்மையான வேலை கிடைத்தது. பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஃபோர்ட்டிசு மருத்துவமனையின் வாயிலில் நின்று வருவோரின் உடல் வெப்பத்தைப் பார்த்தான். டில்லியை அடுத்த நொய்டாவில் ஒரு மருத்துவமனையில், நெருங்க இயலாத நோயாளியின் படுக்கைக்கருகே சென்று, மார்பிலுள்ள திரையில் அவர்தம் மனைவி மக்களின் முகத்தைக் காட்டினான். அவ்வாண்டிலேயே திருச்சிராப்பள்ளி அரசு மருத்துவமனைக்கும் உள்ளூர் நிறுவனமொன்று மருந்தும் உணவும் கொண்டு செல்லும் 'சாஃபி' என்ற பொறிகளை வழங்கியது. சங்க அகப்பாடல்களில் தோழியின் வேலை என்ன? ஒருவர் சொல்லை, நெருங்க முடியாத மற்றொருவரிடம் சேர்ப்பதுதானே! அந்நாள்களில் மித்ரா தன் பெயருக்குரியவனானான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பின்னவள் 'வியோமமித்ரா', விண்வெளித் தோழி. 2020 சனவரி 22-இல் இதே பெங்களூரில் நடந்த மாநாட்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவளை அறிமுகம் செய்தது. அவளுக்குத் தலை, உடல், கைகள் உண்டு, கால்கள் இல்லை. விண்கலத்தில் நடப்பதற்கு இடமேது? ககன்யான் திட்டத்தில் மனிதர் செல்லுமுன் ஆளில்லாக் கலத்தில் அவளை அனுப்புவது என முடிவு செய்தனர். கலத்தின் காற்று, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்பதும், விசைகளை இயக்குவதும், நிலத்திலிருந்து கேட்கும் வினாக்களுக்கு விடையளிப்பதும் அவள் கடமைகள். ஜப்பானியர் 2013-இல் 'கிரோபோ' என்னும் 34 சென்டிமீட்டர்ப் பொம்மையை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினர். அது அங்கிருந்த வீரர் வக்காத்தாவோடு உரையாடியது. அவர்கள் பேச்சுத் துணைக்கு அனுப்பினர். நாம் முன்னே சென்று ஆபத்தைப் பார்த்து வர அனுப்பத் துணிந்தோம். வியோமமித்ரா ஆங்கிலமும் இந்தியும் பேசுவாள் என்றனர். தமிழ் பேசுவாளா என்று இங்கே யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. செயலாளர் கடிதம் எழுதலாம்!

விண்ணுக்கு முதலில் பொறியை அனுப்புகிறோம். உயிர் அரியது என்பதனால். இவ்வெண்ணம் பெருமைக்குரியது. விண்ணை நோக்கிய கண்ணைச் சற்று மண்ணுக்குத் தாழ்த்துவோம். நம் தெருவின் நடுவே வட்டமான இரும்பு மூடி ஒன்று இருக்கிறது. அதன் கீழே இன்றும் நாம் முதலில் அனுப்புவது யாரை?

என் பேச்சின் உள்ளம் இதுதான். ஆதலால் சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும்.

கழிவுநீர்ப் பள்ளத்தில் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சுக் காற்று தேங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் அது முதலில் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் நின்றது, காற்று தெளிந்தது என்று நம்பி மனிதன் மேலும் ஓரடி இறங்குவான். அங்கேயே மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்கும் தோழனும் விழுவான். இவ்விறப்புகள் இரண்டும் மூன்றுமாக நிகழ்வதன் காரணம் இதுவே. 2019 முதல் 2023 வரை ஐந்தாண்டுகளில் இந்தியாவில் இவ்வாறு மாண்டோர் 377 பேர் என்று அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. இத்துயரக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது என்பதைத் தமிழ்ச் சங்க மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

இயந்திரம் இந்த வேலையைக் கேட்டு வரவில்லை. என் வேலையைக் கேட்டு வந்தது. பயணச்சீட்டு அட்டையை அச்சிடும் முறையைக் கண்டவர் எட்மண்ட்சன் என்ற ஆங்கில நிலைய அதிகாரி, 1830-களில். ஒன்றரை நூற்றாண்டு அந்த அட்டை எங்களைக் காத்தது. பின்னர்க் கணிப்பொறி வந்தது. 2002 ஆகஸ்டில் இணையத்தில் முன்பதிவு வந்தது. 2014 திசம்பரில் கைப்பேசியிலேயே சாதாரணச் சீட்டும் வந்தது. தானே சீட்டு வழங்கும் பெட்டிகளும் நிலையத்தில் நிற்கின்றன. அப்பெட்டி பலர்க்கு விளங்குவதில்லை; ஆதலால் அதன் அருகே ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவரைத் தரகுக்கு அமர்த்திப் பெட்டியை அழுத்தச் சொல்கிறார்கள்! ஆளில்லாப் பெட்டிக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. எனினும் கவுண்டர்கள் குறைந்து வருகின்றன என்பது மெய். நாற்காலியும் மின்விசிறியும் உள்ள வேலைகளை இயந்திரம் எளிதில் எடுத்துக்கொள்கிறது. மூச்சு நிற்கும் வேலையை மனிதனிடமே விட்டுவிடுகிறது. அறிவு போதாமையா காரணம்? அன்று. பள்ளத்தில் இறங்குபவனின் கூலி, பொறியின் விலையைவிட மலிவு. என்னைப் போன்ற எழுத்தன் போடும் கூட்டல் கழித்தல்தான் இது. இதற்கு அறிவியல் தேவையில்லை.

தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற நம்மவர் அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். அச்சுரங்கத்துக்காகவே 1902-இல் சிவசமுத்திரத்தில் மின்சாரம் ஆக்கி, 140 கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்துக் கொண்டு வந்தனர். பெங்களூர்த் தெருக்கள் விளக்கொளி கண்டது அதற்குப் பின் 1905-இல்தான். தங்கத்துக்கு அவ்வளவு விரைவாக இயந்திரம் வந்தது. பாறை வெடித்து மாண்டவர்க்கும், கல்தூசியால் நுரையீரல் இறுகியவர்க்கும் மாற்றாக ஒரு பொறியும் இறங்கவில்லை. 2001 பெப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களின் மக்கள் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் விடியுமுன் வண்டியேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு வருவதை எங்கள் துறையினர் அறிவர்.

அதே தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் 1966-இல் பிறந்தவர் பெசவாடா வில்சன். சுரங்க ஊரின் உலர் கழிப்பறைகளை மனிதர் கையால் அள்ளுவதைக் கண்டு கொதித்துக் கடிதங்கள் எழுதித் தொடங்கினார். நாடளாவிய துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தைத் தோழர்களுடன் நிறுவினார். 2016-இல் மகசேசே விருது பெற்றார். அதே ஆண்டு அவ்விருதைப் பெற்ற மற்றொரு இந்தியர் நம் பாடகர் டி. எம். கிருஷ்ணா. அவ்வியக்கம் தொடுத்த வழக்கில்தான் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பள்ளத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது. 2023 அக்டோபரில் மற்றொரு வழக்கில் அது 30 லட்சம் ஆயிற்று. உயிருக்கு விலை கூறுவது கொடுமைதான். எனினும் முன்னே சொன்ன கூட்டல் கழித்தலில் ஒரு பக்கத்து எண் இதனால் மாறியது.

ரயில்வேயையும் அத்தீர்ப்பு விடவில்லை. பாதையில் விழும் கழிவை மனிதர் அள்ளும் நிலையை ஒழிக்கச் சொன்னது. அதற்கு வந்த தீர்வு இயந்திர மனிதன் அன்று. பெட்டியின் அடியில் ஒரு தொட்டி, அதனுள் கழிவைத் தின்னும் நுண்ணுயிர். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் உதவியுடன் அமைந்தது. 2019 அளவில் ஏறத்தாழ எல்லாப் பயணிகள் பெட்டிகளிலும் அது பொருத்தப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தோழனுக்கு எவரும் மாலையிட்டு மேடையில் நிறுத்தவில்லை.

பள்ளத்துக்கும் பொறி வந்துவிட்டது. கோழிக்கோட்டில் 2015-இல் பள்ளத்தில் மயங்கிய தொழிலாளர் இருவரைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் அவர்களோடு மாண்டார். அச்செய்தி கேரளத்தின் இளம் பொறியாளர் சிலரை உறுத்தியது. 'ஜென்ரோபாட்டிக்ஸ்' என்ற அவர்களின் நிறுவனம் செய்த பொறி 2018 பெப்ரவரியில் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கியது. மேலே ஒரு நிலைச்சட்டம். கீழே சிலந்தி போன்ற கால்களைப் பள்ளத்தின் சுவரில் ஊன்றி இறங்கும் உடல். அதில் கேமரா, நச்சுக் காற்றை அறியும் கருவி, மண்ணையும் கல்லையும் அள்ளும் கை. இயக்குபவர் மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குவார். முன்பு பள்ளத்தில் இறங்கியவர்களுக்கே அதனை இயக்கவும் கற்றுக் கொடுக்கிறார்கள். அதன் பெயர் 'பேண்டிகூட்', பெருச்சாளி. ஆங்கிலச் சொல்போல் தோன்றும் இது தெலுங்கின் 'பந்திகொக்கு' என்பதிலிருந்து போனது. நம் வீட்டுப் பெருச்சாளி சீமைக்குப் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பியிருக்கிறது! அவ்வாண்டிலேயே கும்பகோணம் நகராட்சி அதனை வாங்கித் தமிழகத்தில் முதலிடம் பெற்றது.

வீட்டுக் கழிவுத் தொட்டிக்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் 'ஹோமோசெப்' என்ற பொறியைச் செய்தனர். தொட்டிக்குள் சென்றபின் அதன் அலகுகள் கவிழ்த்த குடைபோல் விரிந்து சுழலும். அடியில் கல்லாக இறுகிய கசடு கரையும். பின்னர்க் குழாய் அதனை உறிஞ்சிவிடும். 2022-இல் முதற் பொறிகள் இரண்டையும் வில்சனின் இயக்கத்தின் வழியே தொழிலாளர் தன்னுதவிக் குழுக்களிடம் கொடுத்தனர். அக்குழுக்களின் தலைவியருள், இதே வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருந்தனர். கணவன் இறங்கிய தொட்டியில் இனிப் பொறி இறங்கும். அதன் உரிமை மனைவியின் கையில்.

இப்பொறிகளுக்கு முகம் இல்லை, புன்னகை இல்லை, வணக்கம் சொல்லவும் தெரியாது. ஒன்று சிலந்தி, மற்றொன்று குடை. யான் அவற்றையே உண்மையான இயந்திர மனிதர் என்பேன். மனிதனைப் போல் இருப்பதால் அன்று. மனிதன் இருந்த இடத்தில் இருப்பதால். எண்ணிக்கையில் அவை மிகக் குறைவு. ஊர்கள் பல, மூடிகள் எண்ணற்றவை. குறுகிய சந்துகளுக்குள் சில பொறிகள் நுழைவதுமில்லை. ஆகவே வாங்கிய பொறி கொட்டகையில் நிற்க, ஆள் மீண்டும் இறங்கும் நிலையும் நேரலாம்.

அன்பர்களே! இவ்வவையில் வீட்டு உரிமையாளர் பலர் இருக்கிறீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் தலைவராகவும் பொருளாளராகவும் பொறுப்பேற்றவர்களும் இருக்கிறீர்கள். அங்கெல்லாம் நிலத்தடியில் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிகள் உண்டு. அடைப்பு ஏற்பட்டால் ஒப்பந்தக்காரரை அழைப்பீர்கள். குறைந்த தொகை சொல்பவரைத் தேர்வீர்கள். அத்தொகை ஏன் குறைவு என்று கேட்டுப் பாருங்கள். பொறியும் உறிஞ்சு வண்டியும் கொண்டு வருவாரா, ஆளைக் கொண்டு வருவாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டியில் இறக்குவோர்க்கு முதற் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. மறுமுறையாயின் ஐந்தாண்டும் 5 லட்சமும். இறக்கியவர் என்பதில் நகராட்சி மட்டும் அன்று, நம்மைப் போன்றோரும் அடங்குவர். அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் நம் சங்கக் கட்டடத்தின் தொட்டியை யார், எவ்வாறு துப்புரவு செய்கிறார்கள் என்பதையும் கேட்க எண்ணியிருக்கிறேன். பொருளாளர் ஆயத்தமாக வரவேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர் மணியை இரண்டாம் முறை அடித்துவிட்டார். திரைக்குப் பின்னால் சிறுவர்கள் ஒப்பனையோடு காத்திருக்கிறார்கள்.